மாமா வரும்

மழை விட்டும் விடாமலும் இருந்த பிற்பகல். குழந்தைகள் நல அலுவலகத்தின் மாடி அறையில், ஒரே பெண்ணைப் பற்றிய நான்கு கோப்புகள், பள்ளி, ஆஸ்பத்திரி, வீட்டுவசதி அலுவலகம், இந்த அலுவலகம் என ஒவ்வொன்றும் அதற்குரியவரோடு, முதல்முறையாக ஒரே மேஜைக்கு வந்திருந்தன. மின்விசிறிக் காற்றில் தாள்கள் மெல்ல எழுந்து எழுந்து அமர்ந்தன, தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல. சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்திருந்த அவள் அம்மாவுக்கு அவை காலையில் தான் மடித்த வெள்ளை விரிப்புகளாகவே தெரிந்தன.

வாசலில் விடுதி வண்டி நின்றது. அறையில் அம்மாவின் பக்கத்தில் பதினான்கு வயது மகள்.

"மறுபடி கேக்குறேன்மா," என்றார் அதிகாரியம்மா. "வீட்டுக்கு வர்ற அந்த மாமா யாரு? பதில் இல்லேன்னா பொண்ணை இன்னிக்கே விடுதிக்கு அனுப்பியாகணும்."

"எங்க வீட்டுக்கு யாருங்க வர்றா? விடிஞ்சா வேலைக்குப் போறேன், பொழுது சாஞ்சா வரேன். எனக்குக் கூடப்பிறந்தவனும் கிடையாது."

"உங்க பொண்ணுதான் சொல்லியிருக்கா. டீச்சர், படிங்க."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "'மதியம் மாமா ஜன்னல் வழியாக வருவார். என் பக்கத்தில் படுத்துக்கொள்வார். அம்மாவிடம் சொல்லக் கூடாது.'"

அம்மாவுக்கு அறை முழுவதும் தண்ணீருக்குள் இறங்கிவிட்டதுபோல் இருந்தது. குரல்கள் எங்கோ மேலே மிதந்தன. மகள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருங்க," என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். "எங்கிட்டேயும் இதைத்தான் சொன்னா. நான் அவசரத்துல அவ வாயில வந்ததை அப்படியே கிறுக்கி வெச்சேன். 'மாமா ஜன்னல் வழியா வரும். வந்து படுத்துக்கும்.'"

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார் அதிகாரியம்மா.

"இதுல 'வரும்'னு இருக்கு. அதுல 'வருவார்'."

"பெரியவங்களை மரியாதையா எழுத வேணாமா? திருத்தினேன்," என்றார் டீச்சர்.

"நல்லாத் திருத்தினீங்க போங்க." நர்ஸ் எழுந்துபோய்ப் பெண்ணின் எதிரே குந்தினாள். "கண்ணு, மாமாவுக்கு எத்தனை கால்?"

பெண் ஜன்னலிலிருந்து பார்வையைத் திருப்பினாள்.

"நாலு. ஒண்ணு நொண்டும்."

"அதுக்குத்தான் எங்கிட்ட கட்டுத்துணி கேட்டியா?"

"மத்தியானம் மத்தியானம் மட்டம் போட்டதும் அதுக்குத்தானா?" என்றார் டீச்சர்.

பெண் இரண்டுக்கும் சேர்த்து ஒருமுறை தலையாட்டினாள்.

அம்மா தண்ணீரிலிருந்து மேலே வந்தாள். "பூனைக்கு யாராவது மாமான்னு பேர் வைப்பாங்களாடி?"

"மீசை இருக்கும்மா. வந்த உடனே நடுவீட்டுல உக்காந்துகிட்டு, சாப்பாடு எங்கேங்கற மாதிரி பாக்கும்."

டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?" என்றாள் அம்மா.

"வீட்டுல பிராணி இருந்தா காலி பண்ணச் சொல்லிடுவாங்கன்னு நீதானே சொன்னே?"

எல்லோரும் வீட்டுவசதி அலுவலகத்துக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் குடியிருப்புக்குப் பொறுப்பான அவர் தன் கோப்பைப் புரட்டினார்.

"பிராணி வளர்க்கக் கூடாது. விதி விதிதான்," என்றார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். தாள் புரளும் ஓசை. "ஆனா அந்தக் கட்டடத்துல எலித் தொல்லைன்னு பதினோரு மனு வந்து கிடக்கு. எலி பிடிக்க ஆள் வரக்கூடாதுன்னு எந்த விதியும் இல்ல. பேர் என்ன சொன்னீங்க, மாமாவா?"

அவர் எழுதினார்.

"நாளைக்கு நானும் நர்ஸும் வீட்டுக்கு வரோம்," என்றார் அதிகாரியம்மா. "மாமாவை நேர்ல பாத்தாத்தான் கோப்பை மூடக் கையெழுத்து." பிறகு ஜன்னலருகே போய்க் கீழே குரல் கொடுத்தார். "டிரைவர், நீங்க போகலாம்."

காலி வண்டி, ஈரத் தெருவில் சத்தமே இல்லாமல் நகர்ந்து போயிற்று.

படியிறங்கும்போது அம்மா மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்த மழையில வருமாடி அது?"

"வரும்," என்றாள் மகள்.