சின்னராசுவின் நாலு டிகிரிக் கை

கத்திரி வெயில் தொடங்கிய இரண்டாம் நாள் சின்னராசுவின் வலது கை நாலு டிகிரியில் நின்றுவிட்டது. அதன்பிறகு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாமல்லபுரம் கடற்கரை விடுதி ஒன்றின் பாரில் அவனுக்கு அது ஒன்பதாவது வருஷம். ஐஸ் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவிப் பாட்டிலை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. வருகிறவர்கள் முதலில் கேட்பது கூலிங். என்ன பீர், எந்த ஊர்ப் பீர் என்பதெல்லாம் அப்புறம். பல் கூசினால்தான் பீர், இல்லாவிட்டால் கழனித்தண்ணி என்பது செங்கல்பட்டிலிருந்து நாவலூர் வரைக்கும் ஏகமனதான தீர்ப்பு. அப்படி ஒன்பது வருஷம் துழாவியதில் அந்தக் கை ஐஸின் குணத்தைப் படித்துக்கொண்டது. டாக்டர் பார்த்தார், ரத்த ஓட்டமெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வலியும் கிடையாது. பாரில் மூத்தவரான அச்சரப்பாக்கம் கோதண்டராமன் மட்டும் பீருக்குள் விடுகிற தெர்மாமீட்டரை அவன் உள்ளங்கையில் வைத்து மூன்று தடவை பார்த்துவிட்டு, இனிமேல் கரண்ட் போனாலும் கவலை இல்லை என்றார்.

இடது கையின் கதை வேறு. அதே வருஷம், கல் சிற்பங்களைப் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரர், கறுப்புப் பீர் இவ்வளவு சில்லென்று இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பினார். அனுப்பியதோடு விடாமல் கோதண்டராமனை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் வேறு எடுத்தார். வெளிறிய லாகர் பீருக்கு நாலு டிகிரி, கோதுமைப் பீருக்கு ஏழு, கறுப்புப் பீருக்குப் பன்னிரண்டு. அதற்குக் கீழே போனால் நாக்கு மரத்துப்போகும், வறுத்த தானியத்தின் மணம் செத்துப்போகும். கோதண்டராமன் இதை ஸ்டோர் ரூம் கதவில் சாக்பீஸால் எழுதிவைத்தார். இத்தனை வருஷமாக ஊரே நாக்கை மரக்கடித்துக்கொண்டா குடித்தது என்று அவருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து சின்னராசு கறுப்புப் பீரை இடது கையில் வாங்கி, குளிர் சற்றுத் தணியும்வரை பிடித்திருந்து கொடுத்தான். ஒரே மாதத்தில் அந்தக் கை பன்னிரண்டில் நின்றது. இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்தால் எட்டு வரும். கதவில் கோதுமைப் பீருக்கு ஏழு என்றுதான் இருந்தது. ஒரு டிகிரிக்காக யாரும் சண்டைக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் நாவலூர் ஆபீஸ்காரர்கள் அவன் கையால் குடிப்பதற்கென்றே கார் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் பாட்டில் பிடிக்கிற விதத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் பாட்டில் மூடி இடது சுண்டுவிரலைக் கிழித்ததில் மூன்று தையல் போட்டிருந்தது. அந்த விரலைப் பாட்டிலில் படாமல் தூக்கியே வைத்துக்கொள்வது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. துரை வந்துட்டாருடா என்று கோதண்டராமன் கிண்டல் அடிப்பார்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மார்கழியில் அவனுக்கும் மனைவி மார்கரெட்டுக்கும் பெண் குழந்தை பிறந்தது. அன்பரசி என்று பெயர். ஞானஸ்நானத்துக்குத் தகப்பன்தான் பிள்ளையை ஏந்திப் போய்ப் போதகர் ஐயரிடம் கொடுக்க வேண்டும் என்பது அந்தச் சபையில் வழக்கம். பூஞ்சேரி வீட்டிலிருந்து கோயில் வாசல்வரை மார்கரெட் தூக்கி வந்தாள். உள்ளே அவன் முதல்முறையாக ஏந்தி நடந்த பத்தாவது அடியில் குழந்தையின் உதடு நீலம் பாரித்தது, அழக்கூட மூச்சு வரவில்லை. ஞானஸ்நானத் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஐஸ் ஏடு படிந்திருந்தது. ஐயர் அதை விரலால் உடைத்துவிட்டு ஜெபத்தைத் தொடர்ந்தார். அன்றோடு சின்னராசு பிள்ளையைத் தொடுவதை விட்டான். உறை போட்டுப் பார்த்தான், கம்பளி சுற்றிப் பார்த்தான். குளிர் எல்லாவற்றையும் தாண்டி வந்தது. வீட்டில் இருக்கும்போது கையிரண்டையும் அக்குளில் செருகிக்கொண்டு, மகள் தவழ்வதையும் எழுந்து நிற்பதையும் விழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். பேச்சு வந்ததும் அவள் ஒரு நாள் தெளிவாக, "அப்பா கை கடிக்கும்" என்று சொல்லிவிட்டு அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள்.

செய்யாத வைத்தியம் இல்லை. வெந்நீரில் வைத்தால் வெந்நீர் ஆறியது. கடுகெண்ணெய் கட்டி தட்டிப்போனது. கடைசியில் கடற்கரையில் கடலை வறுத்து விற்கும் வேண்டா என்பவளிடம் கெஞ்சி, கொதிக்கிற வாணலி மணலுக்குள் இரண்டு கையையும் மணிக்கட்டுவரை புதைத்தான். கால் மணி நேரத்தில் மணல் சில்லிட்டு, பாதி வறுபட்ட கடலை பச்சையாகவே நின்றது. வேண்டா அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். வேலைக்கு நாற்பது நாள் லீவு போட்டும் கைகள் படித்ததை மறக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் அவன் மறுபடி பாருக்குப் போனான்.

பிள்ளைக்கு மூன்று வயது நடக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மூவரும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரத்தில் நின்றார்கள். மார்கரெட் பையிலிருந்து குடையை எடுத்த நேரத்தில் அன்பரசி எதிர்ப்பக்கத்தில் ஒரு பலூனைப் பார்த்து ரோட்டில் இறங்கிவிட்டாள். சின்னராசு கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றான். அவன் கைகளோ பழக்க தோஷத்தில் அக்குளுக்குப் போயின. பக்கத்தில் நின்ற வேண்டா எட்டிக் கவுனைப் பிடித்து இழுத்ததால் பிள்ளை பிழைத்தது. ஷேர் ஆட்டோக்காரன் பிரேக் போட்டு நின்று, பெற்றவர்களை ஒரு பாட்டம் ஏசிவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் மார்கரெட் பேசினாள்.

"கடிச்சா கடிக்கட்டும்யா. வண்டி ஏறியிருந்தா இன்னா பண்ணியிருப்ப? பெத்த புள்ளைய புடிக்காத கைய வச்சிகினு ஊருக்கெல்லாம் பீரு புடிச்சிகினு கீற."

அந்த வாரம் முழுக்க அவன் கொடுத்த லாகரில் கசப்பு கூடுதலாக இருந்ததாக நாவலூர்க்காரர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் மார்கரெட் பிள்ளையின் கையை விட்டுவிட்டு ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். இன்றைக்கு நீதான் கூட்டிப்போக வேண்டும் என்றாள். சின்னராசு குனிந்து இடது கையை நீட்டினான். நாலு கடிக்கிற அளவுக்குப் பன்னிரண்டு கடிக்காது என்பது அவன் கணக்கு. சுண்டுவிரல் மட்டும், பாட்டில் பிடித்த பழக்கத்தில், தனியே தூக்கிக்கொண்டு நின்றது. அன்பரசி அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். பிறகு, மற்ற விரல்களுக்கு எட்டாமல் தள்ளி நின்ற அந்த விரலை, நாய்க்குட்டியைத் தொடுகிறவள்போல முதலில் தொட்டு, அப்புறம் முழுசாகப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த வெரலு கடிக்கல" என்றாள்.

புதுச்சேரி பஸ் ஒன்று போனது, ஒரு தண்ணீர் லாரி போனது. அவை போகும்வரை சின்னராசு கண்ணைத் துடைக்காமல் நின்றான், துடைக்க வலது கைதான் இருந்தது. பிறகு இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.

திங்கட்கிழமை கோதண்டராமன் அந்த விரலில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். முப்பத்தேழு. பதிமூன்று வருஷத்தில் ஒரு பாட்டிலையும் தொடாத விரல், அதற்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் சாக்பீஸை எடுத்துக் கதவில் கறுப்புப் பீருக்குக் கீழே அதையும் எழுதினார். துரை என்று அப்புறம் அவர் கூப்பிடவே இல்லை. சின்னராசு இன்றைக்கும் அந்த பாரில்தான் இருக்கிறான். லாகர் நாலு, கறுப்பு பன்னிரண்டு, எதுவும் மாறவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். நாலு விரலை மடக்கி ஒன்றை மட்டும் நீட்டிக்கொண்டு ஓர் ஆள் நிற்பான், அதைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பிள்ளை ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும், வண்டிகள் போனதும் இரண்டு பேரும் கடந்து போவார்கள்.