எல்லாக் குழாயையும் திறந்தவள்

அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டு வாழ்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒரு வாரம் இருந்தால் விருந்தாளி. ஒரு மாதம் இருந்தால் தங்கச்சி. ஒன்பது வருடம் இருந்தால் அதற்கு என்ன பெயர் என்று சின்னவளுக்கே தெரியாது. புருஷன் வேறொருத்தியோடு போன கையோடு, ஒரு தகரப் பெட்டியும் ஒரு மெத்தையுமாக வந்து இறங்கியவள். "எத்தனை நாள் வேணும்னாலும் இருடி, இது உன் வீடு" என்றாள் பெரியவள். சொன்னதோடு சரி. உன் வீடு என்றவள் சாவியை மட்டும் கொடுக்கவில்லை. படுக்கையறைச் சாவியும், மொட்டை மாடிக்குப் போகிற கிரில் கேட்டின் சாவியும் எப்போதும் பெரியவளின் கைப்பையில்தான் இருக்கும்.

படுக்கையறையைப் பூட்டி வைப்பதற்கு ஊருக்குச் சொல்கிற காரணம் ஒன்று இருந்தது. அத்தான் வக்கீல். ஆபீசில் இடம் போதாமல், கட்சிக்காரர்களின் அசல் பத்திரங்களைக் கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருந்தார். நிஜமான காரணம் வேறு. ஆறு வருடத்துக்கு முன்னால் பெரியவளின் சங்கிலி ஒன்று காணாமல் போயிற்று. வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்கள், சின்னவளின் தகரப் பெட்டியையும் சேர்த்துத்தான். நாலாம் நாள் அது பீரோவுக்குப் பின்னால் கிடந்தது. சங்கிலி கிடைத்த பிறகும் அப்போது போட்ட பூட்டு போகவில்லை. மாடி கேட்டுக்கு என்ன காரணம் என்று கேட்டால், தனியாக இருக்கிற பெண் மாடியில் நின்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்களாம். அந்த நாலு பேரையும் சின்னவள் இதுவரை பார்த்ததில்லை.

அன்றைக்கு வெளியூரில் ஒரு கல்யாணம். காரில் இரண்டு மணி நேரப் பயணம் என்பதால் விடிந்தும் விடியாமலும் பெரியவளும் அத்தானும் பரபரத்துக்கொண்டிருந்தார்கள். முதல் நாளே மாடித் தொட்டி காலி. படுக்கையறைக்குள் இருக்கிற குளியலறையிலிருந்து பெரியவள் கத்தினாள்.

"குழாய்ல காத்துதான்டி வருது. ஒரு வாளி தண்ணி கொண்டா."

சின்னவள் பிடித்து வைத்திருந்த தண்ணீரில் ஒரு வாளி கொண்டுபோய் வாசற்படியில் வைத்தாள். அதற்கு மேல் அவள் போகக்கூடாது. குளித்து, உடுத்தி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் பெரியவள் காரில் ஏறினாள். "வீட்டைப் பார்த்துக்க. தூங்கிடாத" என்றாள். காவல் நாய்க்குக்கூட இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஏழு மணிக்குத் தெருவில் தண்ணீர் வந்து கீழ்த்தொட்டி நிறைந்தது. மோட்டார் தானாகவே ஓடி மாடித் தொட்டியை நிரப்பியது. எட்டரை மணி வாக்கில் சின்னவள் கூடத்தைப் பெருக்க வந்தபோது துடைப்பம் ஈரத்தில் இழுபட்டது. குனிந்து பார்த்தாள். படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லப் பரவி, கூடத்து விரிப்பின் ஓரத்தைத் தொட்டிருந்தது. கதவில் காதை வைத்தாள். உள்ளே எங்கோ குழாய் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போனை எடுத்தாள்.

"அக்கா, உங்க ரூம்லருந்து தண்ணி வருதுக்கா. உள்ள ஏதோ உடைஞ்சிருக்கும் போல. பூட்டை உடைக்கட்டுமா?"

அந்தப் பக்கம் கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் போன் கை மாறியது. பிறகு அத்தானின் குரல் வந்தது.

"கதவுல கை வச்சே, இன்னைக்கே உன் பெட்டியைத் தூக்கித் தெருவுல வச்சிடுவேன். உள்ள இருக்கிறது பூரா அடுத்தவன் சொத்து."

"அத்தான், கட்டெல்லாம் கீழதானே இருக்கு. நனைஞ்சிடுமே."

"நனைஞ்சாலும் நீதான் பதில் சொல்லணும். இப்ப வர முடியாது. சாப்பிட்டுத்தான் கிளம்புவோம். அதுவரைக்கும் பார்த்துக்க."

இதற்குப் பெயர் நியாயமா என்று கேட்காதீர்கள். உடைத்தாலும் வெளியே, நனைந்தாலும் வெளியே. போகிறதற்கு வேறு இடம் இருந்தால் அவள் எப்போதோ போயிருப்பாள். அம்மா அப்பா இல்லை. கைத்தொழில் இல்லை. நாற்பத்தொரு வயதில் தெருவில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள் என்று பெயர் எடுத்த அந்தச் சின்னவளுக்கு மூளை இருந்தது. முதலில் ஓடிப்போய் மோட்டாரின் சுவிட்சை அணைத்தாள். இல்லாவிட்டால் தொட்டி குறையக் குறைய அது ஏற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியின் வால்வு மாடியில், மாடிச் சாவி கைப்பையில், கைப்பை கல்யாண வீட்டில். வால்வை மூட முடியாதென்றால் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். ஆயிரம் லிட்டரும் அந்த ஒரு குழாய் வழியாக உள்ளே கொட்டுவதற்கு முன்னால், வேறு வழியாகப் பாதியையாவது வெளியே விட்டுவிட வேண்டும். சமையலறைக் குழாய்கள் இரண்டு, பின்பக்கக் குளியலறையில் இரண்டு, துவைக்கிற கல்லுக்கு மேலே ஒன்று, வாசல் தோட்டத்தில் ஒன்று என்று ஒன்று விடாமல் முழுசாகத் திறந்துவிட்டாள். வீடே ஹோவென்று இரைந்தது.

அடுத்தது கதவிடுக்கு. துணியைத் திணித்து அடைத்தால் கூடம் தப்பிக்கும். ஆனால் உள்ளே தண்ணீர் ஏறும், பத்திரக் கட்டுகள் மிதக்கும். அதனால் அவள் அடைக்கவில்லை. வரட்டும் என்று விட்டாள். விரிப்பைச் சுருட்டித் திண்டுகளோடு சாப்பாட்டு மேசைமேல் ஏற்றினாள். சோபாவின் கால் ஒவ்வொன்றையும் நெம்பித் தூக்கிச் செங்கல் வைத்தாள். தன் மெத்தையைச் சமையலறை வாசலில் குறுக்கே போட்டு, தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் தடுத்தாள். பெட்டியிலிருந்த சேலைகளையெல்லாம் முறுக்கித் தொலைக்காட்சி மேசையைச் சுற்றி அணை கட்டினாள். பிறகு தள்ளுகட்டையை எடுத்து, வருகிற தண்ணீரை வாசல் வழியாக வெளியே தள்ள ஆரம்பித்தாள்.

தோட்டத்தில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாக் குழாயும் திறந்து கிடக்கு?"

"தொட்டி காலியாகணும் டீச்சர். உங்ககிட்ட ஏணி இருக்குமா? மாடிக்கு ஏறி வால்வை மூடணும்."

"ஏணியா? எங்க வீட்டுக்காரரைக் கேக்கணும்" என்று உள்ளே போன டீச்சர் பிறகு வரவே இல்லை.

அரை மணி நேரத்தில் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கக்கி, செருமி, நின்றன. உள்ளே இருந்த சத்தமும் நின்றது. தேங்கியது மட்டும் கதவிடுக்கு வழியாகக் கசிந்துகொண்டே இருந்தது. அவள் இரண்டு மணி வரைக்கும் தள்ளினாள். உள்ளங்கையில் தோல் உரிந்தது. தரை காய்ந்து வரும்போது அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. காப்பாற்றிவிட்டோம், இதைப் பார்த்தாவது இரண்டு நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று நினைத்தாள். பாவம்.

மூன்று மணிக்குக் கார் வந்தது. பெரியவள் சாவியோடு முன்னால் ஓடினாள். "நீங்க இருங்க, வழுக்கும்" என்று புருஷனை நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சின்னவள் வாசற்படி வரைக்கும் போய் நின்றாள். குளியலறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. குழாயின் பிடி கிறீச், கிறீச் என்று நாலைந்து சுற்றுத் திரும்பி இறுகுகிற சத்தம்.

பெரியவள் வெளியே வந்தபோது கையில் சுருட்டிய ஈர நைட்டி இருந்தது. தண்ணீர் போகிற சல்லடையின் மேல் கிடந்ததாகத்தான் இருக்க வேண்டும், நடுவில் சல்லடையின் வட்டம் பதிந்திருந்தது. சின்னவளுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் காற்று வந்த குழாயைத் திறந்தவள் மூட மறந்துவிட்டாள். அவிழ்த்துப் போட்ட நைட்டி சல்லடையை அடைத்துவிட்டது. அக்காளும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவளின் முகம் வெளுத்திருந்தது. ஏனென்றால் அத்தான் அதற்குள் உள்ளே வந்து, கட்டிலுக்கு அடியில் கைவிட்டு ஒரு பத்திரக் கட்டை இழுத்திருந்தார், அடியில் இருந்த பத்திரங்கள் கூழாகிக் கையோடு வந்தன. மேல்கட்டுகள் பிழைத்திருந்தன. அவை ஏன் பிழைத்தன என்று யாரும் கேட்கவில்லை.

"யார் பண்ணுனது இது?" என்றார் அத்தான்.

பெரியவள் எச்சிலை விழுங்கினாள். பிறகு சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அங்க பாருங்க. எல்லாக் குழாயையும் திறந்து விட்டிருக்கா. இத்தனையும் ஒரே நேரத்துல கொட்டினா சாக்கடைக் குழாய் தாங்குமா? எதிர்த்து நம்ம பாத்ரூம் வழியா வந்திருக்கு."

சாக்கடை எதிர்த்து வந்தால் நாற வேண்டாமா? அறையில் நாற்றமே இல்லை. ஆனால் வக்கீலுக்குக் குற்றவாளி கிடைத்தால் போதும், மூக்கு எதற்கு? செங்கல் மேல் உலர்ந்து நின்ற சோபாவில் உட்கார்ந்து காலை மடித்துக்கொண்டார்.

"நான் கேக்குறதுக்கு ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொல்லு. கதை வேணாம். சமையலறைக் குழாயைத் திறந்தது நீயா?"

"தொட்டி காலியாகட்டும்னு அத்தான்..."

"ஆமாவா, இல்லையா?"

"ஆமா."

"பின்னாடி பாத்ரூம்?"

"ஆமா."

"தோட்டத்துல?"

"ஆமா."

மதில் அருகே நின்ற டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டார். "எல்லாமே திறந்துதான் சார் இருந்துச்சு. மத்தபடி எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் நழுவினார்.

"உள்ள குழாய் திறந்திருந்துச்சு அத்தான்" என்றாள் சின்னவள். "அக்கா இப்பத்தான் போய் மூடுச்சு."

அத்தான் பெரியவளைப் பார்த்தார். "மூடித்தான் இருந்துச்சு" என்றாள் பெரியவள். நைட்டியை வாளிக்குள் போட்டுவிட்டிருந்தாள்.

"அவ மூடினதை நீ கண்ணால பார்த்தியா?"

"சத்தம் கேட்டுச்சு."

"பார்த்தியா, இல்லையா?"

"இல்ல."

"பெட்டியைக் கட்டு" என்று அவர் எழுந்துவிட்டார்.

அப்போதுதான் பெரியவள் குறுக்கே வந்தாள். கண்ணில் தண்ணீர்கூட இருந்தது. "எங்கங்க போவா அவ? தங்கச்சியாப் பொறந்து தொலைச்சுட்டா. தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சு விடுங்க." சின்னவள் பக்கம் திரும்பினாள். "அத்தான்கிட்ட மன்னிப்புக் கேளுடி."

சின்னவள் சுற்றிலும் பார்த்தாள். சமையலறை வாசலில் அவள் மெத்தை தண்ணீரைக் குடித்து உப்பிக் கிடந்தது. அவள் சேலைகள் சேறாகிக் கிடந்தன. வெளியே எடுத்துக்கொண்டு போவதற்குக்கூட அவளிடம் எதுவும் மிஞ்சவில்லை. மன்னிப்புக் கேட்டாள்.

வாய்வார்த்தை வக்கீலுக்குப் போதாது. கட்சிக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, அவர் சொல்லச் சொல்ல எழுத வைத்தார். 'என்னுடைய கவனக்குறைவால் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு' என்று ஆரம்பித்தது அது. தோல் உரிந்த கையால் கையெழுத்துப் போட்டாள். அவர் அதை ஈரம் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

மறுநாளிலிருந்து யார் வந்தாலும் பெரியவள் இந்தக் கதையைச் சொன்னாள். முதல் தடவை சொல்லும்போது குரல் தடுமாறியது. மூன்றாவது தடவை சிரிப்பும் வந்தது. ஐந்தாவது தடவையில் சாக்கடை எதிர்த்து வந்த நாற்றத்தைக்கூட விவரித்தாள். சின்னவள் காப்பித் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகட்டும், அக்காவுக்கும் வேறு வழி இல்லை, நாம் தனியாக இருக்கும்போது ஒரு நாள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். தங்கை அல்லவா.

பத்து நாள் கழித்து அந்தத் தனிமை வாய்த்தது. அத்தான் கோர்ட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் வேறு ஈ, காக்கை இல்லை. இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பெரியவள் கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். சின்னவளின் முழங்கை மேல் கையை வைத்தாள். சின்னவளும் உரிப்பதை நிறுத்தினாள்.

"நானும் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் பெரியவள். குரலில் அன்புதான் இருந்தது. "உண்மையைச் சொல்லு, நான் அத்தான்கிட்ட சொல்ல மாட்டேன். அன்னைக்கு எதுக்குடி அப்படி எல்லாக் குழாயையும் திறந்து விட்ட?"

சின்னவள் நிமிர்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தாள். கண்ணில், உதட்டில், புருவத்தில் எங்காவது அந்த நைட்டியின் ஞாபகம் ஒட்டியிருக்கிறதா என்று தேடினாள். துளிகூட இல்லை. பதிலுக்காக அக்கா நிஜமாகவே காத்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலக்கா" என்றாள் சின்னவள்.

"எனக்குத் தெரியும், உனக்குப் புத்தி அவ்வளவுதான்" என்று பெரியவள் அவள் முழங்கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.