மூன்று டின் தீவனம்

விடிந்ததிலிருந்து கறுப்பியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முற்றத்தையே சுற்றிக்கொண்டிருந்தாள். வயிற்றுவலி வந்த குதிரையைப் புரளவிட்டால் குடல் முறுக்கிக்கொள்ளும் என்று பயம். கறுப்பியோ நாலடிக்கு ஒருதரம் முன்காலை மடக்கப் பார்த்தது. "நடடி ராசாத்தி. படுத்தே, தோலை உரிச்சிடுவேன்" என்று இழுத்தாள். பதினாறு வருஷமாக இந்த லாயத்தில் டின் டின்னாகத் தீவனம் அள்ளுகிறவள். எல்லோருக்கும் அவள் டின்னக்கா.

மாட்டு டாக்டர் இல்லை, குதிரைக்கென்றே படித்த டாக்டர் வந்தார். லாயத்து முதலாளியம்மாவும் மேனேஜரும் பக்கத்தில் நின்றார்கள். மூக்கு வழியாகக் குழாய்விட்டு எண்ணெய் இறக்கினார். விலாவில் காதை வைத்துக் கேட்டார்.

"லத்தி போட்டுட்டா பிழைச்சுக்கும். என்ன தீவனம் குடுத்தீங்க?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "வழக்கமான மூணு டின்தான் டாக்டர். இவதான் கையளவு தெரியாம அள்ளிக் கொட்டியிருப்பா."

போன வாரம் புதுத் தீவனத்தை மலிவாகப் பிடித்தது நான்தான் என்று முதலாளியம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்தியவர் இதே மனுஷன். இன்றைக்கு அதைப் பற்றி மூச்சு விடவில்லை. கொள்ளு என்றால் வாயைத் திறப்பது, கடிவாளம் என்றால் மூடிக்கொள்வது.

மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அளவுக்கு மேல் போட்டது என் தவறு என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போட்டுடு. வேலை போகாம நான் பாத்துக்கறேன்."

"மூணு டின் போடுன்னீங்க. மூணு டின் போட்டேன். கையில கனக்குது சார், வேற சாமானா இருக்குன்னு மூட்டை வந்த அன்னைக்கே சொன்னேன். அள்றதுதான் உன் வேலை, யோசிக்கறது இல்லன்னீங்க. இப்ப மட்டும் நான் யோசிச்சிருக்கணுமா?"

கயிற்றை அவர் கையில் திணித்துவிட்டுத் தீவன அறைக்குள் போனாள். வைக்கோல் நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் உத்தரத்தில் மாட்டினாள். பழைய மூட்டையின் அடியில் கிடந்த ஓட்ஸும் தவிடும் கலந்த தீவனத்தை ஒரு டின் அள்ளித் தொங்கவிட்டாள். முள் ஒரு கிலோவில் நின்றது. அதே டின்னில், அமுக்கிக் குச்சிகுச்சியாக்கிய புதுத் தீவனம். முள் ஒன்றரையைத் தொட்டது.

"பாருங்கம்மா" என்றாள் முதலாளியம்மாவிடம். "டின்னு அதேதான். மூணு கிலோ தின்ன வயித்துல நாலரை கிலோ போயிருக்கு."

டாக்டர் தலையாட்டினார். "சரியாத்தான் சொல்றாங்க. தீவனத்தை எடை பார்த்துத்தான் போடணும், டின் கணக்கு ஆகாது. அதுவும் புதுசை ஒரேயடியா மாத்தக் கூடாது. பழசோட கொஞ்சங்கொஞ்சமா கலந்து, பத்து நாள்ல முழுசா புதுசுக்குக் கொண்டுவரணும்."

முதலாளியம்மா கிட்டே வந்து தராசு முள்ளைப் பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார். "இனிமே எடை போட்டு எழுதி ஒட்டிடுங்க." டின்னக்காவிடம் குரல் இறங்கியது. "எதுவானாலும் போட்டது உன் கைதானே. கையெழுத்துப் போட்டுட்டு ஒரு வாரம் வராம இரு."

"வராம இருக்கறேம்மா. கையெழுத்து மட்டும் போட மாட்டேன். வேலையே போனாலும் போட மாட்டேன்."

மேனேஜர் கயிற்றைத் தூணில் கட்டிவிட்டுச் சுவரில் புதுத் தாள் ஒட்டினார். கறுப்பிக்கு எடை போட்டு மூன்று கிலோ, பழையதோடு கலந்து, பத்து நாள். அடியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்திட்டார். முதலாளியம்மா படித்துப் பார்த்து, "நல்லா இருக்கு" என்றார்.

அப்போது கறுப்பி வாலைத் தூக்கியது. பொத்தென்று லத்தி விழுந்தது. டாக்டர் சிரித்தார், முதலாளியம்மா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டின்னக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. குதிரையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தாள்.

"சரி சரி" என்றார் மேனேஜர். "போறதுக்கு முன்னாடி இதை அள்ளிட்டுப் போ."

டின்னக்கா மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஒரு வாரம் வரக் கூடாதுன்னு இப்பத்தானே சார் சொன்னாங்க."

குழாயடியில் கை கழுவிக்கொண்டு வெளியே நடந்தாள். முதலாளியம்மா பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் இஸ்திரி போட்ட கால்சட்டையை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி குனிந்தார்.