கேக் ஊட்டும் ஞாயிறு

திருநீர்மலைக்குப் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் விடுதி. வீட்டில் நடந்த கொடுமையால் மனம் உடைந்த பதினெட்டுப் பெண் பிள்ளைகள் அங்கே தங்கி சிகிச்சை பெறுகிறார்கள். நான் அவர்களுடைய ஆலோசகர். கேட்காமல் எந்தப் பிள்ளையையும் தொடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. பிறந்தநாள் சாப்பாடு போட நன்கொடையாளர்கள் வரும் ஞாயிறுகளில் மட்டும் அந்த விதிக்கு விடுமுறை.

போன ஞாயிறு வந்தவர் என் மாமனார் பத்ரிநாராயணன். எழுபதாவது பிறந்தநாள்.

"யாருக்கும் கேக் ஊட்ட வேண்டாம் மாமா" என்று வீட்டிலேயே சொல்லியிருந்தேன். சரி என்றுதான் தலையாட்டினார். ஆனால் மேலாளர் தனசேகர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திவிட்டார்.

"சார், உங்க கையால ஊட்டுங்க. ஃபோட்டோ சூப்பரா வரும்."

என் கணவர் ஷ்யாம்சுந்தர் போனை உயர்த்தினார்.

ஜெயப்ரியாவின் முறை வந்தது. பதினான்கு வயது, கோவளம் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். வேண்டாம் என்று தலையசைத்தாள். தனசேகர் பின்னாலிருந்து அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார். மாமனாரின் விரல்கள் வாயருகே போனதும் கடித்துவிட்டாள்.

"கால்ல விழு! இல்லேன்னா நாளைக்கே உன்னை வேற ஹோமுக்கு மாத்தச் சொல்லி எழுதிடுவேன்" என்று தனசேகர் கத்தினார்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "வேணாம்னு தலைய ஆட்னேன்ல? உனுக்குக் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

ஒரு வருடம் பேசாமலே இருந்த பெண். இப்போதுதான் இங்கே ஒருவரையாவது நம்பத் தொடங்கியிருந்தாள். இன்னொரு இடத்துக்குப் போனால் அவ்வளவும் போச்சு.

"ரோஹிணி, அப்பா பர்த்டே. ஒரு ஸாரி சொல்லச் சொல்லேன்" என்றார் ஷ்யாம்.

விரலில் கைக்குட்டையைச் சுற்றியபடி மாமனார் கேட்டார்: "அப்படி என்னதான்மா நடந்தது அவளுக்கு? தெரிஞ்சா மன்னிச்சுடுவேன்."

அந்த நல்ல குரல்தான் என்னைக் கொதிக்க வைத்தது.

"சாப்பாடு போட்டா அவ கதையையும் சொல்லணுமா மாமா? வேண்டாம்னு தலையாட்டினாளே, அது போதாதா?"

அவர் தலைகுனிந்தார். நான் தனசேகர் பக்கம் திரும்பினேன்.

"நீங்க எழுதினா நானும் எழுதுவேன் சார், குழந்தைகள் நலக் குழுவுக்கு. மோவாயைப் பிடிச்சது யார்னு ஃபோட்டோவே இருக்கு."

தனசேகர் பதறினார். "ஷ்யாம் சார், அதை டெலிட் பண்ணிடுங்க. நமக்குள்ள எதுக்கு?"

ஷ்யாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எடுக்கும்போது ஜெயப்ரியாவின் கண்களைக் கவனித்திருக்கவில்லை போலும். நிமிர்ந்து தன் அப்பாவைப் பார்த்தார். பிறகு எதையோ தட்டினார். என் கைப்பையில் போன் அதிர்ந்தது.

"அனுப்பிட்டேன்" என்றார்.

"லெட்டரெல்லாம் எதுக்கு மேடம், பேசிக்கலாம்..." என்று இழுத்தார் தனசேகர்.

"பேசுங்க. எங்கிட்ட இல்ல, அவகிட்ட ஸாரி சொல்லுங்க. கிட்டப் போகாதீங்க. அங்கயே நின்னு சொல்லுங்க."