தபாலில் போன கவிதைகள்

பூரணியைக் குறை சொல்பவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது. அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

அவள் கணவர் சிவசாமி, தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியார். கொழும்புப் பத்திரிகையில் வாராவாரம் அவர் எழுதிய மர்மத் தொடர்கதைக்காக, பத்திரிகை வந்திறங்கும் அன்ஸார் கடையில் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். "கொலகாரன் யாரு வாத்தியாரே?" என்று வழிமறித்துக் கேட்பார்கள். அதே மனிதர் இளவயதிலிருந்து தமக்கென்று கவிதையும் எழுதிவந்தார். அதை யாருக்கும் காட்டியதில்லை. கொழுந்து பறிக்கப் போகும், எழுத்தறியாத மனைவிக்கும் சொன்னதில்லை.

அறுபத்தொன்றாம் வருடம் மழைக்காலத்தில் அவருக்குக் கடும் காய்ச்சல். "அத்தியாயத்தத் தபால்ல சேத்துரு" என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் முக்கியமான காகிதமெல்லாம் சாமி படத்துக்குப் பின்னால்தான் இருக்கும். பிரஜாவுரிமைக்கு மனுப் போட்ட காலத்திலிருந்து எல்லா வீட்டிலும் அப்படித்தான். பூரணியும் அங்கே துணியில் சுற்றியிருந்த கட்டை எடுத்து, அவர் விலாசம் எழுதி வைத்திருந்த உறையில் போட்டு, தபால்காரரிடம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அத்தியாயமோ தலையணைக்கடியில் கிடந்தது. போனது ஓர் ஆயுசுக் கவிதை. வேறு பிரதியும் இல்லை.

சாயங்காலம் விஷயம் தெரிந்ததும் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். அவள் பதறிப்போனாள்.

"அப்படி என்னாங்க எழுதியிருந்தீங்க அதுல?"

"முக்காவாசி ஒன்னயப் பத்தித்தான்."

"என்னயப் பத்தியா? ஏங்கிட்ட ஏன் சொல்லல?"

"சிரிப்பன்னு பயந்துட்டேன்."

"இப்பச் சொல்லுங்க."

நினைவில் நின்றதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தார். மழையில் நனைந்து வந்து அவள் கொடியில் போடும் கம்பளியை, அவள் தூங்கியதும் அவர் எடுத்து அடுப்போரம் காயப்போடுவதைப் பற்றி ஒன்று:

விடிந்ததும் நீ போர்த்திக்கொள்ளும் சூடு
என் கை வைத்ததென்று அறியமாட்டாய்.

பூரணி சிரிக்கவில்லை. "அது தானா காயுதுன்னுல்ல இத்தன வருசமா நெனச்சிருந்தேன்" என்றாள்.

அடுத்த வாரம் கட்டு திரும்பி வந்தது. 'இதில் கொலை எங்கே?' என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். வாத்தியாருக்குப் போன உயிர் வந்தது. ஆசையோடு கட்டைப் பிரித்து, அவளை எதிரில் உட்காரவைத்து, முதல் கவிதையை வாசிக்கப் போனார். பூரணி காகிதங்களை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அதப் பாத்து வாசிக்காதீங்க" என்றாள். "என்னயப் பாத்துச் சொல்லுங்க."