நடக்கக் கூடாத மைதானம்

அத்தான் வாயில் விசில் இருந்தால் அந்த மைதானத்தில் காக்காய்கூட நடக்கக் கூடாது. பெண்கள் கால்பந்து அணிக்கு அவர்தான் கோச். யாராவது நடப்பதைப் பார்த்தால் விசில். மறுபடி பார்த்தால் ஆளையே மாற்றிவிடுவார். அதே அணிக்கு உடற்பயிற்சி கொடுப்பவள் அவருடைய மனைவியின் தங்கை. அதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவள். என்ன பிரயோஜனம்? "உனக்கென்னம்மா தெரியும்" என்பார். கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அரையிறுதி அன்று காலையிலேயே வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. இரண்டு பேர் தாமதமாக வந்தார்கள் என்று மொத்த அணியையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார் மனுஷன். சாயங்காலம் ஆட்டத்தை வைத்துக்கொண்டு!

"அத்தான், உடம்புல இருக்கிற சத்தையெல்லாம் இப்பவே கரைச்சுட்டா ஆட்டத்துல எதை வெச்சு ஓடுவாங்க?"

"ஓட ஓடத்தான் தெம்பு ஏறும். நீ போய் தண்ணி பாட்டிலை நிரப்பு."

சுவரோடு பேசியிருக்கலாம். பல்லைக் கடித்துக்கொண்டு உடை மாற்றும் அறைக்குப் போனாள். அங்கே குருவி கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் பறந்து ஆடுகிறவள் என்பதால் அந்தப் பெயர். பகலெல்லாம் சலவைக்கடையில் நின்றுகொண்டே இஸ்திரி போடுகிறவள். இன்று பெரிய கிளப்பிலிருந்து ஒருவர் அவளைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் இஸ்திரிப் பெட்டிக்கு ஒரு கும்பிடு.

"இங்க பாரு, பாய்ஞ்சு ஓடறதுக்குன்னு தசையில ஒரு சின்ன வாளி இருக்கு. சில நொடி பாய்ஞ்சா காலி. மூச்சுக்காத்து உள்ள போனாத்தான் திரும்ப ரொம்பும். பந்து அந்தப் பக்கம் போச்சுன்னா நட. ரெண்டு மூணு நிமிஷம் போதும்."

"கோச் பார்த்தா?"

"நான் பேசிக்கிறேன்."

குருவி நடந்தாள். நடந்து நடந்து, சட்டென்று பாய்ந்தாள் பாருங்கள், எதிரணித் தடுப்பாட்டக்காரி வாயைப் பிளந்து நின்றாள். கோல்! அடுத்த நிமிஷமே அவள் நடக்க, விசில் காதைக் கிழித்தது.

இடைவேளையில் கொழுந்தியாள் அத்தானை மடக்கினாள். "அவ நடக்கிறது நான் சொல்லித்தான். அதனாலதான் கோலே வந்துச்சு."

"பதினோரு பேரும் நடந்தா அதுக்குப் பேரு ஊர்வலம்" என்றார் அவர்.

கிளப்காரர் வண்டி பழுதாகி, இரண்டாம் பாதி தொடங்கிய பிறகுதான் வந்து உட்கார்ந்தார். அவர் கண்ணில் பட்ட முதல் காட்சியே குருவி நடப்பதுதான். இரண்டாவது காட்சி, அத்தான் அவளை வெளியே கூப்பிட்டது. கொழுந்தியாள் கத்தினாள், கெஞ்சினாள், கடைசியில் கையைப் பிடித்தே இழுத்தாள். அவர் உதறிவிட்டார்.

அதற்குப் பிறகு நம் பெண்களுக்கு நாக்குத் தள்ளியது. காலையில் ஓடிய ஓட்டம் ஒவ்வொரு காலிலும் தெரிந்தது. எதிரணியில் சிவப்பு ரிப்பன் கட்டிய பெண் ஒருத்தி ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். நேரம் பார்த்துப் பாய்ந்தாள். ஒரு கோல். மறுபடி நடந்தாள். இன்னொரு கோல்.

இரண்டுக்கு ஒன்று என்று தோற்று ஆட்டம் முடிந்ததும் கிளப்காரர் வந்து அத்தானுக்குக் கை கொடுத்தார். "அந்தச் சிவப்பு ரிப்பன் பொண்ணு கெட்டிக்காரி சார். நடந்து தெம்பைச் சேர்த்து வெச்சுப் பாயுது. அதையே எடுத்துக்கறோம். உங்க பொண்ணுக்கு என்ன, அடி கிடி பட்டுச்சா?"

"சோம்பல் சார், வேற என்ன."

"சோம்பலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல!" என்று வெடித்தாள் கொழுந்தியாள். "நான்தான் நடக்கச் சொன்னேன். முதல் கோல் அவ போட்டதுங்க!"

"நான் பார்க்கலையேம்மா" என்றார் அவர் பாவமாக.

குருவி பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தாள்.

"அக்கா, அந்த ரிப்பன்காரியும் நடந்தாதானே?"

"ஆமாடி."

"அவங்க கோச் ஒண்ணும் சொல்லலையா?"



"நாளைக்கு எல்லாருக்கும் பத்து ரவுண்டு!" என்று அத்தான் கத்தினார்.

"எனக்குக் கடை இருக்குக்கா" என்றாள் குருவி. மைதானத்தின் நடுவே வெறுங்காலோடு நிதானமாக நடந்து போனாள். அத்தான் விசில் ஊதினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.