பிரேக் மாஸ்டர்

“அது இல்லைங்க. அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக்!” என்று அவள் பால்கனியில் நின்று மறுபடியும் கத்தினாள். தொற்றுக்குப் பயந்து வாரக்கணக்கில் பூட்டிக்கிடந்த எதிர்வீட்டு ஜன்னல் ஒரு கை அகலம் திறந்தது.

“நிஜமாவே ஹார்ட் அட்டாக்தானாம்மா?” அந்த வீட்டு மருந்துக்கடைக்காரர் முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“ஆமா அங்கிள். டெஸ்ட்லயும் ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சு.”

“அப்பாடா!” என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். ஜன்னல் மூடிக்கொண்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. நேற்றுக் காலை அவளும் இதையேதான் சொன்னாள். அப்பா வேர்த்துக் கொட்ட, நெஞ்சைத் தடவிக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தார். அவளும் அம்மாவும் மாற்றி மாற்றிக் காய்ச்சல் பார்த்தார்கள். காய்ச்சல் இல்லை. இருமலும் இல்லை. “அப்பாடா, ஒண்ணுமில்லை” என்று தெர்மாமீட்டரை உதறி வைத்தாள். அம்மா ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தபோது அப்பா கையை ஆட்டினார்.

“அங்க போனா இல்லாத சீக்கும் வந்து ஒட்டிக்கும். வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விடணுமா? வெறும் வாயுடி இது.”

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அக்கம்பக்கத்தில் ஓட்டத் தெரிந்த அத்தனை பேருக்கும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருந்த இன்னொரு பிரேக்கை மிதித்தவர். அதனால் பிரேக் மாஸ்டர். டிவியில் கார் வேகமாகத் திரும்பினாலும் அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

“அடப்பாவி, சிக்னல் போடாம திரும்புறான் பாரு!”

“ரோடே காலியா இருக்கு, யாருக்குப்பா சிக்னல்?”

“காலி ரோட்ல போடாத கை கூட்டத்துல எப்படிடி போடும்?”

அந்த அதட்டலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும் போலிருந்தது.

ஆட்கள் சூழ இருந்தே பழகிய மனுஷர். அவர் தனியாகப் போகப்போகிறார் என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. போனில் எல்லாரும் அழுதார்கள். வருகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

மயானத்துக்குக் கொண்டுபோகும் வண்டி வந்தது. வந்த இரண்டு பேரே அவரைத் தூக்கி ஏற்றினார்கள். அம்மா பின்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, அவள் முன்சீட்டில் ஏறினாள்.

“வேற யாரும் வரலையாம்மா?” டிரைவர் கேட்டார்.

“இல்லைங்க. கிளம்பலாம்.”

ஆளில்லாத தெருவில் வண்டி நகர்ந்தது. பக்கக் கண்ணாடியில் எதிர்வீட்டு கேட் திறப்பது தெரிந்தது. மருந்துக்கடைக்காரரின் கார் பின்பக்கமாக மெல்ல வெளியே வந்தது. ரிவர்ஸ் எடுக்கக் கற்றுக்கொள்வதற்குள் அப்பாவின் பாதி உயிரை வாங்கியவர் அவர். அவருக்குப் பின்னால், அப்பாவிடமே ஓட்டப் பழகிய டீச்சரம்மாவின் கார் சேர்ந்துகொண்டது. அடுத்த சந்திலிருந்து இன்னொன்று வந்தது, அதற்குப் பின்னால் மேலும் சில. கார் ஜன்னல் கண்ணாடியை யாரும் இறக்கவில்லை.

“அம்மா, பின்னாடி பாரு” என்றாள். அம்மா பார்த்தாள். அப்பாவின் மேல் இருந்த போர்வையைச் சரிசெய்தாள்.

மெயின் ரோட்டுத் திருப்பம் வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு சைக்கிள்கூட இல்லை. டிரைவர் அப்படியே ஒடித்துத் திருப்பினார். அவளுடைய வலது கால் தன்னால் தரையை அழுத்தியது.

கண்ணாடியில் பார்த்தாள். திருப்பத்துக்கு வந்த மருந்துக்கடைக்காரர் வேகத்தைக் குறைத்து, சிக்னலைப் போட்டார். பின்னால் வந்த டீச்சரம்மாவும் போட்டார். கடைசி கார்வரை எல்லா விளக்குகளும் காலி ரோட்டில் மினுக்கிக்கொண்டு வந்தன.